திர்சா சக்டனுக்கு மூன்று ஓலை

டாலிமோர் இல்லம், டார்செட்
1909 செப்டம்பர் 2

மதிப்பிற்குரிய திரு. சக்டன் அவர்களுக்கு,

உங்கள் மகள் திர்சா நேற்று மாலை சுகமாக வந்து சேர்ந்தாள். நீங்கள் கொடுத்தனுப்பிய, மீன் வறுப்பதற்கான மாட்டுக்கொழுப்பு ஜாடியும் வந்து சேர்ந்தது. அதை எங்கே வைப்பது என்று சமையல்கட்டில் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. மிக்க நன்றி.

நாம் சந்தித்ததில்லை. என் மகன் ஜெர்வாஸின் மோட்டார் வண்டி வசந்த காலத்தில் உங்கள் ஹெப்பிள்டனில் பழுதாகி நின்றதால்தான் நமக்குள் இந்தக் கடிதப் போக்குவரத்தே வந்திருக்கிறது. வண்டியைச் சரிசெய்ய மூன்று மாதம் ஆகும் என்று அவன் எழுதியபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பட்டறைக்கு நேர் எதிரே உங்கள் மீன் வறுவல் கடை இருப்பதும், பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் உங்கள் மகள் மாலையில் அங்கே வந்து நிற்பாள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒளிக்காமல் சொல்கிறேன். நான் வேறு மாதிரி எதிர்பார்த்திருந்தேன். ஆனால் ஜெர்வாஸுக்கு முப்பது வயதாகிறது. அவன் தந்தை காலமாகி, ‘சர்’ பட்டம் அவனுக்கு வந்துவிட்டது. இந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. திர்சாவோடு ஒரு வேளை சாப்பிட்ட பிறகு அப்படிச் சொல்லும் ஆசையும் இல்லை.

பேராயரிடம் லைசென்ஸ் வாங்கி, லண்டனில் ஒரு சிறிய தேவாலயத்தில் காலை வேளையில் கல்யாணத்தை அமைதியாக முடித்துவிடலாம் என்று இருக்கிறேன். கூட்டம் வேண்டாம். கடையை மூடிவிட்டு நீங்கள் அவ்வளவு தூரம் அலைய வேண்டிய அவசியமும் இல்லை. விவரமெல்லாம் சொல்ல ஜெர்வாஸ் நாளை உங்கள் ஊருக்குப் புறப்படுகிறான்.

இப்படிக்கு,
ஆக்டேவியா டாலிமோர்


சக்டன் மீன் வறுவல் கடை, ஹெப்பிள்டன், யார்க்ஷயர்
செப்டம்பர் 5

சீமாட்டி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை புரியவில்லை. இரண்டாம் தடவை புரிந்தது. மூன்றாம் தடவை படிப்பதற்குள் கொப்பரையில் மீன் தீய்ந்துவிட்டது.

எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஊரே உட்கார்ந்திருக்கும்போது, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று பாதிரியார் உரக்க வாசிப்பார். ஓலை வாசிக்காமல் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் இங்கே ஒரே ரகம்தான். மூன்று ஞாயிறு பொறுக்க முடியாத நிலைமையில் இருப்பவர்கள். பெண்மணியான உங்களுக்கு இதற்கு மேல் விளக்க மாட்டேன்.

இதை உங்கள் மகனிடம் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவரோ சனிக்கிழமை சாயங்காலம், வரிசை வாசலைத் தாண்டி நிற்கும் நேரத்தில் கடைக்குள் வந்து, "வணக்கம் ஐயா, லைசென்ஸுக்கு ஏற்பாடு ஆயிடுச்சு" என்றார். அவ்வளவு நல்ல குரல் அவருக்கு. தெருமுனை வரை கேட்டிருக்கும்.

நெசவு மில்லில் வேலை பார்க்கும் மார்த்தா ஆக்ராய்ட்தான் வரிசையில் முதலில் நின்றாள். "என்னண்ணே, லைசென்ஸா? பிள்ளைக்கு எத்தனாவது மாசம்?" என்று கேட்டுவிட்டாள். நான் வாய் திறப்பதற்குள் உங்கள் மகன், "ஒன்பதாவது மாசம்தாங்க நடக்குது" என்றார். பாவம், அவர் செப்டம்பரைச் சொன்னார். கடை சிரித்த சிரிப்பில் வினிகர் பாட்டில் இரண்டு உருண்டு விழுந்தன. அவருக்கு இன்னும் விஷயம் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் என் மகளை நினைத்து வெட்கப்பட்டு மறைக்கிறீர்கள். திர்சாவுக்குத் தானே முடிவெடுக்கும் வயது வந்துவிட்டது, நான் தடுக்க முடியாது. ஆனால் அந்த லண்டன் கல்யாணத்தில் அவள் கையைப் பிடித்து நடத்திக் கொடுக்க நான் வர மாட்டேன். வர வேண்டாம் என்று நீங்களே அழகாக எழுதிவிட்டீர்கள்.

ஏனோக் சக்டன்


டாலிமோர் இல்லம்
செப்டம்பர் 8

திரு. சக்டன் அவர்களுக்கு,

ஒன்பதாவது மாத விஷயத்தைப் படித்துவிட்டு வெகு நேரம் அறையை விட்டு வெளியே வரவில்லை. என் மகன் இவ்வளவு செலவில் படித்தது எதற்கு என்று தெரியவில்லை.

மற்றபடி உங்கள் கடிதம் என்னைக் காயப்படுத்தியது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஓலை வாசித்ததில்லை. தோட்டக்காரருக்கும் பால்கறக்கும் பெண்ணுக்கும்தான் இங்கே வாசிப்பார்கள். லைசென்ஸ் வாங்குவது எங்களுக்குள் மரியாதை. திர்சாவுக்கும் அந்த மரியாதையைக் கொடுக்கத்தான் நினைத்தேன். உங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? உங்களை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. சிரமப்பட வேண்டாம் என்றேன். இரண்டும் ஒன்றல்ல என்று இதுவரை நினைத்திருந்தேன்.

இருந்தாலும் இங்கே ஓலை வாசிக்க முடியாது. அதற்குக் காரணம் இருக்கிறது. தயவுசெய்து கேட்காதீர்கள்.

உங்கள் கடிதத்தைத் திர்சாவுக்குக் காட்டினேன். முகம் சிவந்துபோய், "வந்தா வரட்டும், வராட்டி போகட்டும் மேடம். அப்பாவே முதல்ல லெட்டர் போடட்டும். நான் போட மாட்டேன்" என்றாள். அந்தப் பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்க நினைத்திருப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். முதல் நாள் காலையில் தானே கணப்பை மூட்டி, படுக்கையையும் மடித்து வைத்துவிட்டாள். அறைவேலை செய்யும் பெண் அதைப் பார்த்துவிட்டுத் தன்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டோம் என்று அழ ஆரம்பித்தாள். திர்சா அவளைச் சமாதானப்படுத்த, படுக்கையைக் கலைத்துப்போட்டுத் திரும்ப அதில் படுத்துக்கொண்டாள். நான் அந்த நேரம் பார்த்து உள்ளே போனேன். மருமகளாக வரப்போகிறவள் காலில் ஷூவோடு போர்வைக்குள் கிடந்தாள்.

நேற்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளைக் காணவில்லை. சமையல்கட்டு அலமாரிக்குப் பக்கத்தில் நின்று உங்கள் கொழுப்பு ஜாடியைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஜலதோஷம் என்றாள்.

ஆக்டேவியா டாலிமோர்


ஹெப்பிள்டன்
செப்டம்பர் 12

சீமாட்டி அவர்களுக்கு,

ஜாடி விஷயத்தை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. கடை திறக்கவே மனம் வரவில்லை.

உங்கள் மகன் இங்கேயே இருக்கிறார். விடுதியில் தங்கி, தினமும் வந்து என் மனதை மாற்றப் பார்க்கிறார். சும்மா நின்று பேசினால் வியாபாரம் கெடுகிறது என்று உருளைக்கிழங்கு உரிக்க உட்கார வைத்தேன். அவர் உரித்தால் தோலில்தான் கிழங்கு அதிகம். ஆனாலும் எழுந்து போகிற ஆள் இல்லை. "சர் ஜெர்வாஸ், வினிகரைக் கொஞ்சம் தாராளமா ஊத்துங்க" என்று மில் பெண்கள் அதட்டுகிறார்கள். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஊற்றுகிறார். நல்ல பையன். அதுதான் எனக்குச் சங்கடம். கெட்டவனாக இருந்தால் எனக்கு இவ்வளவு பாடில்லை.

நீங்கள் காரணத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். நான் என் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் எங்கள் சர்ச்சில் மணி அடிக்கிறவன். மூன்றாம் ஓலை வாசித்து முடித்ததும் பெண்ணுக்காகக் கோபுர மணிகளை அடிப்பது இங்கே வழக்கம். இந்த ஊரில் யார் மகளுக்கெல்லாமோ அடித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கயிற்றைப் பிடிக்கும்போது, நம்ம பிள்ளைக்கும் ஒரு நாள் வரும் என்று நினைத்துக்கொள்வேன். அவள் அம்மா இருந்தவரை கீழே நின்று கேட்பாள். அவள் போன பிறகும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு அடித்தேன்.

கல்யாணம் ஆனதும் என் பிள்ளை லேடி டாலிமோர் ஆகிவிடுவாள். அவளுடைய பழைய பெயரை அப்புறம் யார் சொல்லப்போகிறார்கள்? திர்சா சக்டன் என்பது நானும் அவள் அம்மாவும் வைத்த பெயர். அது அவளை விட்டுப் போவதற்கு முன்னால் அவள் பிறந்த ஊரில் உரக்க ஒருவர் சொல்லி நான் கேட்க வேண்டும். இப்படி ஒருத்தி இருந்தாள், இன்னார் மகள், யார் கண்ணுக்கும் மறைக்காமல் கல்யாணம் செய்துகொண்டு போனாள் என்று ஊர் தெரிந்துகொள்ள வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஏனோக் சக்டன்


டாலிமோர் இல்லம்
செப்டம்பர் 15

அன்புள்ள திரு. சக்டன்,

இப்போது என் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

என் கணவருக்கு ஒரு தமக்கை இருக்கிறாள். ஹொரேஷியா என்று பெயர். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கரண்டி வைப்பதிலிருந்து கதவு மூடுவது வரை எனக்குக் குற்றம் சொல்லியே பழகியவள். ஜெர்வாஸின் விஷயம் தெரிந்ததும் அவள் என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "அந்த மீன்காரன் பொண்ணு பேரைச் சர்ச்சுல வாசிச்சா, எல்லார் முன்னாலயும் நான் எழுந்து நின்னு ஆட்சேபம் சொல்லுவேன். சொல்ல மாட்டேன்னு நினைக்காதே, ஆக்டேவியா." அவள் சொன்னால் செய்வாள்.

லைசென்ஸ் வாங்கினால் வாசிப்பும் இல்லை, ஆட்சேபமும் இல்லை. திர்சாவுக்கு அந்த அவமானம் நேரக் கூடாது என்றுதான் லண்டன், சிறிய தேவாலயம் எல்லாம். என் வீட்டு அசிங்கத்தை முன்பின் தெரியாத ஒருவரிடம் எழுத எனக்கு மனம் வரவில்லை. நான் வெட்கப்பட்டது உண்மைதான். உங்களைப் பற்றி அல்ல.

இன்னொன்றும் எழுதத் தோன்றுகிறது. என் கல்யாணமும் லைசென்ஸ் கல்யாணம்தான். வெள்ளைச் சாட்டின் உடை, ஓர் அமைச்சர், இரண்டு பிரபுக்கள். என் பெயரை ஒருவரும் எங்கும் உரக்க வாசிக்கவில்லை. நீங்கள் எழுதும் வரை அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை.

சட்டப்படி மாப்பிள்ளை ஊரிலும் பெண் ஊரிலும் வாசித்தாக வேண்டுமாமே. இன்று காலை எங்கள் பாதிரியாரைக் கூப்பிட்டு, இந்த ஞாயிறே தொடங்கச் சொன்னேன். அவர் இரண்டு தடவை என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். நீங்களும் உங்கள் ஊரில் சொல்லிவிடுங்கள். கல்யாணம் ஹெப்பிள்டனிலேயே நடக்கட்டும். அக்டோபர் பதினாறாம் தேதி, சனிக்கிழமை, உங்களுக்குத் தோதுப்படுமா? நீங்கள்தான் அவள் கையைப் பிடித்து நடத்தி வர வேண்டும்.

ஹொரேஷியா எழுந்து நின்றால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

ஆக்டேவியா டாலிமோர்


ஹெப்பிள்டன்
செப்டம்பர் 17

சீமாட்டி அம்மா,

கடையில் நின்றுகொண்டு எழுதுகிறேன், எண்ணெய்க் கறையை மன்னியுங்கள். தேதி தோதுப்படும். எந்தத் தேதியானாலும் தோதுப்பட்டிருக்கும்.

அவசரமாக ஒரு விஷயம். ஓலை வாசிக்கும்போது திர்சாவைச் சர்ச்சுக்குள் விடாதீர்கள். தன் ஓலையைத் தன் காதால் கேட்ட பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைக்குக் காது கேட்காது என்பார்கள். நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். பேரப்பிள்ளை விஷயத்தில் விளையாட வேண்டாம்.

அவளுக்குப் பதிலாக நீங்கள் கேளுங்கள். உங்கள் நாத்தனார் என்ன சொன்னாலும் என் மகள் காதில் அது விழப்போவதில்லை. நானும் அவளுக்கு இன்று ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். முதலில் எழுதியது நான்தான் என்று அவளிடம் சொல்லிக்காட்ட வேண்டாம். அவளே சொல்லிக்காட்டுவாள்.

ஏனோக்


டாலிமோர் இல்லம்
செப்டம்பர் 20

அன்புள்ள ஏனோக் சக்டன்,

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திர்சா வீட்டில் இருந்தாள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "நான்தான் ஜெயிச்சேன்" என்று சொல்லி அழுதாள். நான் மட்டும் தேவாலயத்துக்குப் போனேன். எங்கள் குடும்பத்துக்கென்று முன்னால் ஒரு பெஞ்சு உண்டு. அதில் ஹொரேஷியா எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். கறுப்பு உடை. சாவுக்கு உடுத்துவது.

முதலில் எங்கள் இரண்டாம் தோட்டக்காரனுக்கும் பால்காரி ரூத்துக்கும் ஓலை. பிறகு பாதிரியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டாலிமோர் இல்லத்து சர் ஜெர்வாஸ் டாலிமோருக்கும், ஹெப்பிள்டன் ஊர் திர்சா சக்டனுக்கும்" என்று வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். ஹொரேஷியா எழுந்தாள்.

"எனக்கு ஆட்சேபம் இருக்கு."

பாதிரியார் தாளைக் கீழே இறக்கினார். "என்ன... என்ன காரணம்னு சொல்ல முடியுங்களா?"

"பொண்ணோட அப்பா மீன் வறுக்கறவர்."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பாதிரியார், "அது சட்டத்துல ஒரு தடைன்னு சொல்ல முடியாதுங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தத் தேவாலயத்தில் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் தவிர நான் வாய் திறந்ததில்லை. எழுந்து நின்றேன். "ஹொரேஷியா, ஏசுவோட சீடர் பேதுரு மீன் பிடிச்சார். இவர் மீன் வறுக்கறார். உங்களுக்கு ஆட்சேபம்னா முதல்ல பேதுருகிட்ட போய்ச் சொல்லுங்க" என்றேன். இது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. பிறகு பாதிரியாரிடம், "என் மருமக பேரைக் குறுக்கே பேசிக் கெடுத்துட்டாங்க. மறுபடியும் முதல்லேர்ந்து வாசிங்க. சத்தமா வாசிங்க" என்றேன்.

அவர் மறுபடியும் வாசித்தார். உங்கள் மணிக்கோபுரத்தில் ஏறி நின்று கத்தியது போல வாசித்தார். திர்சா சக்டன் என்ற பெயர் கூரை வரை போனது. ரூத் பின்னாலிருந்து "ஆமென்" என்றாள். அங்கே ஆமென் சொல்லும் வழக்கம் இல்லை, ஆனாலும் ஊரே சொன்னது. ஹொரேஷியா வெளியேறிவிட்டாள். என்னோடு இனிப் பேச மாட்டாளாம். இத்தனை வருடத்தில் அவள் எனக்குச் செய்த முதல் உபகாரம்.

உங்கள் மகளின் பெயர் இங்கே ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு தடவை வாசிக்கப்பட்டது. அதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆக்டேவியா


ஹெப்பிள்டன்
செப்டம்பர் 23

சம்பந்தியம்மா,

இப்படிக் கூப்பிடலாமா என்று கேட்காமலேயே கூப்பிட்டுவிட்டேன்.

உங்கள் கடிதத்தைக் கடையில் உரக்க வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். பேதுரு வந்த இடத்தில் கைதட்டினார்கள். ஜெர்வாஸ், "அம்மாவா? எங்க அம்மாவா?" என்று நாலு தடவை கேட்டான். இனி அவனை அவன் என்றுதான் எழுதப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் காலை பார்த்தால் கடைக்கு வெளியே பலகையில் சுண்ணாம்பால், 'பேதுரு பிடித்தார், சக்டன் வறுக்கிறார்' என்று எழுதி வைத்திருக்கிறான். பாதிரியார் பார்த்துவிட்டு, அழிக்கச் சொல்லாமல் ஒரு மீன் வாங்கிக்கொண்டு போனார்.

இங்கும் முதல் ஓலை நல்லபடியாக ஆயிற்று. திர்சா சக்டன் என்று கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். ஆக்ராய்ட் பார்த்துவிட்டாள்.

ஏனோக்


டாலிமோர் இல்லம்
அக்டோபர் 4

அன்புள்ள சம்பந்தி,

நேற்று இங்கே மூன்றாம் ஓலை. ஒரு சத்தமும் இல்லாமல் முடிந்தது. திர்சா நாளைக் காலை ரயிலில் உங்களிடம் வருகிறாள். அவள் பெட்டியைக் கட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேலைக்காரப் பெண்ணோடு சேர்ந்து அவளே மடித்தாள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவள் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்போது ஒரு சங்கடம். ஹொரேஷியா சும்மா இருக்கவில்லை. எங்கள் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் எழுதியிருக்கிறாள். என் தம்பிக்கு அந்த வாரம் வேட்டையாம். அவன் மனைவிக்குத் தலைவலி இப்போதே ஆரம்பித்துவிட்டதாம். மற்றவர்கள் காரணம்கூடச் சொல்லவில்லை. மாப்பிள்ளை பக்கத்தில் ஒருவரும் வரப்போவதில்லை. நான் ஒருத்திதான்.

அவர்களை இழந்தது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. கொஞ்சம் வலிக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தேவாலயத்தில் பெண் பக்கம் நிறைந்திருக்க, எங்கள் பக்கம் பெஞ்சு பெஞ்சாகக் காலியாக இருந்தால், உள்ளே நடந்து வரும்போது திர்சா அதைத்தான் முதலில் பார்ப்பாள். தன்னால் வந்தது என்று நினைப்பாள். நாள் முழுக்க அவள் மனதில் அது இருக்கும். பெஞ்சுகள் தெரியாதபடி பூச்செடிகளை வைத்து மறைத்துவிடலாமா? செடிகளை நான் இங்கிருந்து அனுப்புகிறேன். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

ஆக்டேவியா


ஹெப்பிள்டன்
அக்டோபர் 8

சம்பந்தியம்மா,

திர்சா வந்து சேர்ந்தாள். கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். உங்கள் வீட்டில் தட்டுகள் பெரிது, சாப்பாடு சிறிது என்கிறாள்.

மூன்றாம் ஓலை முடிந்து மணி அடித்தேன். முழுசாக அடித்தேன். இறங்கி வந்த பிறகுதான் கயிறு பிடித்த கை இரண்டும் எரிவது தெரிந்தது. அவள் அம்மா நிற்கும் இடத்தைப் பார்த்தேன். வேறு என்ன எழுதுவது.

இப்போது உங்கள் பூச்செடிகளுக்கு வருகிறேன். அனுப்பாதீர்கள். வைக்க இடம் இல்லை. ஏன் என்று கேளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்த முகத்தோடு கடையில் நின்றேன். ஆக்ராய்ட் என்ன என்று கேட்டாள், சொல்லிவிட்டேன். அப்புறம் அவள், "அண்ணே, எனக்கு ரெண்டு மீன் கட்டுங்க. நான் மாப்பிள்ளை வீட்டுக்காரி" என்றாள்.

"நீ எப்படிடி மாப்பிள்ளை வீட்டுக்காரி?" என்று பின்னால் இருந்து ஒருத்தி கேட்டாள்.

"அவனுக்கு உருளைக்கிழங்கு உரிக்கக் கத்துக்கொடுத்தது யாரு? நான்தானே? அப்ப நான்தான் அத்தை."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். நான் சித்தி, நான் பெரியம்மா என்று கடையில் ஒரே சண்டை. பட்டறைக்காரர், மூன்று மாதம் வண்டியைப் பழுதாகவே வைத்திருந்ததற்காகத் தாய்மாமன் பதவி கேட்கிறார். என் பக்கத்தில் உட்கார இப்போது ஆள் தேட வேண்டியிருக்கிறது. என் சொந்தத் தம்பியே கட்சி மாறிவிட்டான்.

மாப்பிள்ளை வீட்டார் என்றால் எதைப் பார்த்தாலும் குறை சொல்ல வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இரண்டு நாளாக மீனில் உப்பில்லை, டீயில் சூடில்லை என்று பழகிக்கொண்டிருக்கிறார்கள். ஆக்ராய்ட் கண்ணாடி முன் நின்று மூக்கைத் தூக்கிப் பார்க்கக் கற்றுக்கொள்கிறாள். "அந்த அம்மாவோட நாத்தனார் மாதிரி வருதான்னு பாருங்கண்ணே" என்கிறாள். நான் பார்த்ததில்லையே என்றேன்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. நேற்று பார்த்தேன், ஆக்ராய்ட் தன் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை எடுத்துப் புது ரிப்பன் தைத்துக்கொண்டிருந்தாள். "அந்த அம்மா தனியா உக்காரக் கூடாதுண்ணே" என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

உங்கள் பக்கம் நிறைந்திருக்கும். முன்வரிசையில் உங்கள் இடம் மட்டும் காலியாக வைத்திருப்பார்கள். ரயிலடிக்கு வண்டி அனுப்புகிறேன். எந்த ரயில் என்று எழுதுங்கள்.

ஏனோக்


டாலிமோர் இல்லம்
அக்டோபர் 11

அன்புள்ள ஏனோக்,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். வேலைக்காரப் பெண் உள்ளே வந்துவிட்டாள். நான் மறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் வருகிறேன். விடுதியில் எனக்கு ஓர் அறை சொல்லிவையுங்கள். வண்டி வேண்டாம். ரயிலடியிலிருந்தும் வேண்டாம், மறுநாள் தேவாலயத்துக்கும் வேண்டாம். என் சொந்தக்காரர்கள் எல்லோரும் தெருவில் நடந்து வரும்போது நான் மட்டும் வண்டியில் வந்து இறங்கினால் நன்றாக இருக்காது.

சனிக்கிழமை காலை அவர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அங்கே வந்து அவர்களோடு நடக்கிறேன். எனக்கு யாரையும் தெரியாது. எல்லோரையும் அறிமுகப்படுத்தி வைக்க ஆக்ராய்ட் அம்மா என் பக்கத்திலேயே இருப்பார்களா? எந்தத் தொப்பி போட்டுக்கொண்டால் எங்கள் கூட்டத்தோடு பொருந்தும் என்றும் அவர்களிடமே கேட்டுச் சொல்லுங்கள். என்னிடம் இருப்பதெல்லாம் கொஞ்சம் அதிகப்படியோ என்று பயமாக இருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டார் சார்பில்,
ஆக்டேவியா